கர்ப்பப்பை இயல்பாக உள்ளது

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், பெட் ஸ்கேன் பிரிவில், அவளைச் சுளிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நேராக இல்லை, முதுகுக்குப் பின்னால். அவளுக்கும் அது தெரியும். மூக்கும் மேலுதடும் சேர்ந்து இடது பக்கமாக ஏறிக்கொள்ளும் அந்தச் சுளிப்பு பிறவியிலேயே வந்ததா, பதினேழு வருட வேலையில் வந்ததா என்று கேட்டால் அவளாலும் சொல்ல முடியாது. கழுவாத டம்ளரைக் கண்டால் சுளிப்பாள். பாதி நிரப்பிய படிவத்தைக் கண்டால் சுளிப்பாள். கூட வேலை செய்பவர் யாராவது "விடுங்கக்கா, யார் பாக்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுவதும் அந்த முகம் இறங்காது.

அவளுடைய அப்பா மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். மகள் நர்ஸ் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டார். புண், சீழ், வாந்தி என்ற வார்த்தைகளைக் கேட்டாலே சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுகிற பெண் அவள். படம் எடுக்கும் படிப்பு ஒன்று இருக்கிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால் போதும், யார் உடம்பையும் தொட வேண்டாம் என்று யாரோ சொன்னதை நம்பிச் சேர்ந்துவிட்டாள். வேலைக்குப் போன முதல் வாரமே ஒரு பெரியவர் அவள் செருப்பின் மேல் வாந்தியெடுத்தார். டயர் கடை வைத்திருக்கும் அவள் கணவர், வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்.

வாந்தி நாளடைவில் பழகிவிட்டது. சிறுநீர்ப் பை, ரத்தம் தோய்ந்த பஞ்சு, பயத்தில் வேர்த்துப்போன உள்ளங்கை எல்லாம் பழகிவிட்டன. நோயாளியின் உடம்பிலிருந்து வருவது எதுவும் இப்போது அவளுக்கு அருவருப்பு இல்லை. மனிதர்கள் வேலையை அரைகுறையாகச் செய்துவிட்டு முடித்த மாதிரி காட்டிக்கொள்வது மட்டும் கடைசிவரை பழகவில்லை.

அந்தப் பிரிவில் எடுக்கும் படங்களை வாசித்து ரிப்போர்ட் எழுத ஒரு டாக்டர் இருந்தார். நாலு நிமிடத்துக்கு ஒரு ரிப்போர்ட் என்று தள்ளிவிடுவதால் மின்னல் என்று பெயர். நிர்வாகத்துக்கு அவர் செல்லப்பிள்ளை. கொறித்துக்கொண்டேதான் வேலை பார்ப்பார். வறுத்த பருப்புத் தூள் விசைப்பலகையின் இடுக்குகளில் ஒட்டிக்கிடக்கும். திரையில் எதையாவது சுட்டிக்காட்ட எண்ணெய் விரலையே வைப்பார். காலையில் வந்ததும் அவள் செய்கிற முதல் வேலை அந்த விரல் கறைகளைத் துடைப்பது. ஒரு நாள் நெஞ்சுக்கூட்டுக்கு நடுவே ஒரு கறை அப்படியே காய்ந்து, நிழல் மாதிரி நின்றது. துடைத்த துணியை அவள் குப்பையில் போட்டுவிட்டாள்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளராக இருந்த ஒரு பையன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பையன் என்று அவள்தான் சொல்வாள். அவனுக்கு இருபத்தெட்டு வயது, கல்யாணமாகி எட்டு மாதம். கழுத்திலும் நெஞ்சிலும் நிணநீர்ப் புற்றுநோய். ஒல்லியான உடம்பு கீமோவில் இன்னும் ஒல்லியாகியிருந்தது. இரண்டு சுற்று மருந்து ஏற்றியாகிவிட்டது, அது வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் இந்தப் படம்.

இந்த நோய்க்கு இந்தப் படம் ஒரு கணக்குப் பரீட்சை மாதிரி. சர்க்கரையில் கொஞ்சம் கதிரியக்கம் சேர்த்து ஊசியில் ஏற்றுவார்கள். நோய்ச் செல்கள் சர்க்கரைக்குப் பேயாய் அலைபவை. எங்கே உயிரோடு இருக்கின்றனவோ அங்கே திரையில் எரியும். எவ்வளவு எரிகிறது என்பதை நோயாளியின் சொந்தக் கல்லீரலோடு ஒப்பிட்டு ஒன்றிலிருந்து ஐந்து வரை ஓர் எண் போடுவார்கள். கல்லீரல் அளவுக்கோ அதற்குக் கீழேயோ இருந்தால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம். மேலே போனால் நாலு, ஐந்து. அப்புறம் வேறு மருந்து, அதைவிடக் கடுமையான மருந்து.

ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் அசையாமல், பேசாமல், கதகதப்பாகப் படுத்திருக்க வேண்டும். அன்றைக்கு அந்த அறையில் கதகதப்புக்கு வழியில்லை. இயந்திரத்துக்காக ஓடும் குளிர்சாதனக் குழாய்தான் அந்த அறைக்கும். இருந்த மூன்று கம்பளியில் இரண்டு சலவைக்குப் போய்ப் பத்து நாளாகத் திரும்பவில்லை, மூன்றாவதை வேறொரு நோயாளி போர்த்தியிருந்தார். அவள் தன் சால்வையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அது அவன் முழங்கால் வரைகூட வரவில்லை. பல் தந்தியடித்தது.

"அக்கா, இது ஆஸ்பத்திரியா, மீன் வைக்கிற பெட்டியா?" என்று கேட்டான்.

"பேசக் கூடாது. கண்ண மூடிப் படுங்க."

படம் வந்தபோது நெஞ்சில் பழைய கட்டி அணைந்துபோன அடுப்பு மாதிரி இருந்தது. கழுத்தின் இரண்டு பக்கமும், காறை எலும்புக்கு மேலும், முதுகெலும்பை ஒட்டியும் மட்டும் பளிச்சென்று எரிந்தது. இடது பக்கம் எப்படியோ வலது பக்கமும் அப்படியே. குளிரில் நடுங்கும் ஒல்லிப் பிள்ளைகளுக்கு இப்படி ஆகும் என்று அவளுக்குத் தெரியும். உடம்பு சூட்டுக்காகப் பழுப்புக் கொழுப்பை எரிக்கும், அதுவும் சர்க்கரையை இழுக்கும். கூடவே எடுத்த சி.டி. படத்தில் அந்த இடங்களில் கட்டி எதுவும் கிடையாது. வெறும் கொழுப்பு.

அவள் மின்னல் டாக்டருக்குப் போன் செய்தாள். "டாக்டர், இவர் ஒரு மணி நேரமும் நடுங்கிட்டே இருந்தார். கழுத்துல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எரியுது. கொழுப்பான்னு கொஞ்சம் பாருங்க."

"சரி சரி, மனசுல வச்சுக்கறேன்" என்றார். மெல்லும் சத்தம் கேட்டது.

ஆறாவது நாள் அந்தப் பையன் ஜன்னலுக்கு வெளியே நின்றான். படங்களின் நகல் வேண்டுமாம்.

"நோய் கூடியிருக்காம்கா. புது இடத்துக்கெல்லாம் பரவியிருக்காம். வியாழக்கிழமையிலேர்ந்து வேற மருந்து. அந்த மருந்து போட்டா அப்புறம் குழந்தை பிறக்கிறது சந்தேகம்னு சொல்றாங்க." சொல்லிவிட்டு, கொஞ்சம் தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தான். "அவ இன்னும் எதுவும் பேசல. வேற ஒரு டாக்டர்கிட்ட காட்டலாம்னு அவ அண்ணன் சொன்னார். இந்த ரிப்போர்ட்ல என்னதான் போட்டிருக்கு, கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

ரிப்போர்ட்டில் இருப்பதை நோயாளியிடம் சொல்ல அவளுக்கு அதிகாரமில்லை. ஆனாலும் வாங்கிப் பார்த்தாள். ஐந்துக்கு ஐந்து. புதிய இடங்களில் நோய். முந்தைய படத்தோடு ஒப்பிட்டதாக ஒரு வரி. அவள் கண் மெதுவாகக் கீழே இறங்கி, இடுப்புப் பகுதியைப் பற்றிய பத்தியில் வந்து நின்றது. கர்ப்பப்பை இயல்பாக உள்ளது. சினைப்பைகள் இயல்பாக உள்ளன.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே சுளிப்பாகத் திரும்பியது. முந்தின நோயாளி ஒரு பெண். அவளுடைய ரிப்போர்ட்டை அப்படியே எடுத்து, மேலே இரண்டு வரியை மாற்றி, இவன் தலையில் கட்டியிருக்கிறார்கள். இவனுடைய படத்தை யாரும் முழுசாகப் பார்க்கவே இல்லை. இவன் பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பதை இந்தக் காகிதம் தீர்மானிக்கப் போகிறது.

"என்னக்கா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"என் முகம் எப்பவும் இப்படித்தான். வியாழக்கிழமை வரைக்கும் டைம் இருக்கில்ல? நீங்க இங்கேயே உக்காருங்க. எங்கேயும் போயிடாதீங்க."

புற்றுநோய்ப் பிரிவின் பெரிய டாக்டர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. வார்டுக்கு வெளியே நடந்துகொண்டே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் காகிதத்தை நீட்டி அந்த வரியில் விரலை வைத்தாள்.

"நோயாளி ஆம்பளைங்க, மேடம்."

டாக்டர் நின்றார். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இத நான் படிக்கவே இல்ல. கடைசியில முடிவுன்னு ரெண்டு வரி இருக்கும், அத மட்டுந்தான் படிச்சேன்." கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "எப்பவுமே அத மட்டுந்தான் படிக்கிறேன்" என்றார்.

ஒளித்துப் பேசாமல் சொன்னதற்காக அவர்மேல் மரியாதை வந்திருக்க வேண்டும். அவளுக்கு வரவில்லை. ஒருத்தர் படம் பார்க்காமல் எழுதுகிறார், இன்னொருத்தர் எழுதியதைப் படிக்காமல் மருந்தை மாற்றுகிறார், நடுவில் ஒரு பையன் பல் தந்தியடிக்கப் படுத்துக்கிடக்கிறான். எல்லாருடைய கையிலும் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியிருப்பது போல இருந்தது அவளுக்கு.

பெரிய டாக்டர் கீழே வந்து, பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கால் மணி நேரம் பார்த்தார். புது மருந்து நிறுத்தி வைக்கப்பட்டது. நாலு நாள் கழித்து மறுபடியும் படம். இந்தத் தடவை அவள் தன் வீட்டிலிருந்து இரண்டு போர்வையும், கணவர் மழைநாளில் கடையில் வைத்திருக்கும் சின்ன ஹீட்டரையும் கொண்டுவந்தாள். பதற்றம் தணிக்க ஒரு மாத்திரையும் முன்கூட்டியே கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பையன் போர்வைக்குள் வேர்த்து வழிந்தான்.

"இப்ப இட்லிப் பானைக்கா" என்றான்.

கழுத்து துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. முதுகிலும் ஒன்றுமில்லை. வேறொரு கிளையிலிருந்து வந்த டாக்டர் உட்கார்ந்து வாசித்து இரண்டு என்று எண் போட்டார். பழைய மருந்தே தொடரலாம். அவன் மனைவி அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "அப்ப அந்த மொதல் பேப்பர் யாரோடது?" என்று கேட்டாள்.

நிர்வாகி ஒரு கூட்டம் போட்டார். நல்ல குஷன் நாற்காலி, மேசையில் பிஸ்கட் தட்டு.

"இது ஒரு தட்டச்சுப் பிழை. ஒரு வரி தப்பா விழுந்திருக்கு. அவ்வளவுதான். இனிமே ஆம்பளைக்கு ஒரு மாதிரி ரிப்போர்ட், பொம்பளைக்கு ஒரு மாதிரி ரிப்போர்ட்னு கம்ப்யூட்டர்ல தனித்தனியா வச்சுடுவோம்."

"வரி தப்பா விழலைங்க. வரியே தப்பு. படத்தப் பாக்காமலேயே எழுதியிருக்கு" என்றாள் அவள்.

"நீங்க படம் எடுக்கிற வேலை. அத நல்லா செய்றீங்க. எல்லாருக்கும் பெருமை" என்று பூசி மெழுகினார் நிர்வாகி.

வெளியே வந்ததும் மின்னல் டாக்டர் அவளைப் பிடித்துக்கொண்டார். கோபமே இல்லை அவருக்கு. "உங்களுக்குக் கழுகுக் கண்ணுக்கா. கர்ப்பப்பையைக் கண்டுபிடிச்சுட்டீங்களே" என்று சொல்லிச் சிரித்து, கையிலிருந்த பருப்புப் பொட்டலத்தை அவள் பக்கம் நீட்டினார். கெட்டுப்போன எதையோ யாரோ அவள் வாயருகே கொண்டுவந்த மாதிரி இருந்தது. கழிப்பறைக்குப் போய் வெகு நேரம் வாய் கொப்பளித்தாள்.

ஒரு ரிப்போர்ட் இப்படி என்றால் மற்றவை எப்படி? அந்தக் கேள்வி பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி அவளை விடவில்லை. மதிய இடைவேளைகளில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பழைய படங்களை எடுத்துவைத்துப் பார்க்கத் தொடங்கினாள். இந்த ஒரு நோய் மட்டும். சிகிச்சைக்கு முன்னால் எடுத்தது, நடுவில் எடுத்தது, முடிவில் எடுத்தது. ஐந்து வாரத்தில் பதினோரு ரிப்போர்ட் பிடிபட்டது. பெரும்பாலானவை யாருக்கும் கெடுதல் செய்யாத அசட்டுத்தனங்கள். எப்போதோ அறுத்து எடுத்துவிட்ட பித்தப்பை இயல்பாக இருந்தது. எடுக்காத படத்தோடு ஒப்பிட்டிருந்தார்கள்.

ஒன்று மட்டும் வேறு மாதிரி. வீட்டிலேயே தையல் வேலை செய்யும் ஒரு அம்மாவுடையது. பதினாலு மாதத்துக்கு முன்னால், சிகிச்சை முடிவில் எடுத்த படம். நோய் முழுவதும் போய்விட்டது என்று ரிப்போர்ட். படத்திலோ இரைப்பைக்குப் பின்னால் ஒரு முடிச்சு, கல்லீரலைவிடப் பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தது. அந்த அம்மா ஏழு மாதம் கழித்து வயிறு உப்பிப்போய்த் திரும்பி வந்தவர். நோய் மறுபடியும் வந்துவிட்டது என்றார்கள். மறுபடியும் வரவில்லை, போகவே இல்லை.

அவள் அந்த நாளின் பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள். தையல்காரம்மாவின் வரிசைக்கு எதிரே, ஓரத்தில், பென்சிலில் தன் கையெழுத்து. "வயிற்றில் ஓரிடம். டாக்டரிடம் சொல்ல வேண்டும்."

சொல்லவில்லை. மறுநாள் அவள் விடுப்பு, ஏதோ ஒரு கல்யாணம். திரும்பி வந்தபோது ரிப்போர்ட் போய்விட்டிருந்தது. டாக்டர் பார்த்திருப்பார் என்று விட்டுவிட்டாள். மற்றவர்கள் சொல்லும்போதெல்லாம் எதைக் கேட்டு முகம் சுளித்தாளோ, அதே காரியம்.

வீட்டுக்குப் போனதும் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். மறுபடியும் கழுவினாள். தோல் சிவந்துவிட்டது. கணவர் வந்து குழாயை மூடினார்.

"என்ன ஆச்சு?"

சொன்னாள். முழுசும் கேட்டார்.

"நீ படம் எடுக்கிறவ. படிச்சுச் சொல்றது உன் வேலை இல்லியே."

"பாத்தா தெரியும் எனக்கு."

"அன்னிக்குப் பாத்தியா?"

"பாத்தேன்."

எதையும் கிண்டலாகத் திருப்பிவிடுகிற மனிதர், அன்றைக்குத் துண்டை எடுத்து அவள் கையைத் துடைத்தார்.

பதினோரு ரிப்போர்ட்டையும் பட்டியல் போட்டு, தன் பென்சில் குறிப்பையும் சேர்த்து, நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தாள். மூன்று வாரம் பதிலில்லை. கேட்டபோது, உள்ளுக்குள் விசாரித்துக்கொண்டிருக்கிறோம், வெளியே பேச வேண்டாம் என்றார்கள். அந்த வார விடுமுறையில், மதியம், தையல்காரம்மாவின் வீட்டைத் தேடிப் போனாள்.

மாடியில் இரண்டு அறை. தையல் இயந்திரத்தின் மேல் உறை போட்டிருந்தது. முடி கொட்டிப்போன தலையில் துணி கட்டிக்கொண்டு அந்த அம்மா கதவைத் திறந்தார். அவளை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். "ஊசி போடுற அம்மாதானே? வாங்க, உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். படத்தில் இருந்தது, ரிப்போர்ட்டில் இல்லாதது, தான் பார்த்தது, தான் சொல்லாமல் விட்டது. தையல்காரம்மா அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஏழு மாசம் நான் நல்லாயிட்டேன்னு எல்லாருக்கும் சொல்லிட்டுத் திரிஞ்சேனே."

"ஆமாங்க."

"வாங்கின வேலையெல்லாம் தச்சேன். முதுகு வலிச்சப்பக்கூட மிஷின்ல உக்காந்து உக்காந்துதான்னு நெனச்சேன்." நாடாவைக் கீழே போட்டார். "இத ஏன் இப்ப வந்து சொல்றீங்க? உங்க பாரத்த இறக்கி வைக்க என் வீடுதான் கெடச்சுதா? நீங்க சொல்லிட்டு லேசா எறங்கிப் போயிடுவீங்க. நான் இதையும் சேத்து சுமக்கணும்."

அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அந்த வார்த்தையே வாயில் வழவழவென்று, சொல்லக் கூசுகிற மாதிரி இருந்தது. விழுங்கிவிட்டாள்.

தையல்காரம்மா எழுந்து உள்ளே போனார். அளவுகள் குறிக்கும் நோட்டும் ஒரு பேனாவும் எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார்.

"வாயால சொன்னது காத்தோட போயிடும். எழுதிக் குடுங்க. நீங்க பாத்ததையும் எழுதுங்க, சொல்லாம விட்டதையும் எழுதுங்க."

இப்போது அவள் உட்கார்ந்தாள். மார்பளவும் தோளளவும் குறித்த பக்கங்களைத் தாண்டி, ஒரு வெற்றுப் பக்கத்தில் எழுதித் தேதி போட்டுக் கொடுத்தாள்.

அந்தப் பக்கத்தை வைத்துத் தையல்காரம்மா மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் விசாரணை என்று ஒன்று நிஜமாக நடந்தது. அது முடிவதற்குள் மின்னல் டாக்டர் வேறொரு ஆஸ்பத்திரிக்கு, இதைவிடப் பெரிய பதவிக்குப் போனார். கேக் வெட்டி வழியனுப்பினார்கள். க்ரீம் அவர் விரலிலும் உதட்டிலும் ஒட்டியிருக்க, கை தட்டிக்கொண்டு நின்றவர்களை அவள் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போகாமல் திரும்பினாள். அவளை எக்ஸ்ரே அறைக்கு மாற்றினார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களின் நெஞ்சுப் படங்களை எட்டு மாதம் எடுத்தாள். மூச்சை இழுங்க, நிறுத்துங்க, விடுங்க. கீழே அந்த இயந்திரத்தைச் சரியாக ஓட்ட ஆள் கிடைக்காமல் திண்டாடித்தான் மறுபடியும் கூப்பிட்டார்கள்.

அவள் மூன்று விஷயம் கேட்டாள். இந்த நோய்க்கு இரண்டு பேர் தனித்தனியாக வாசிக்க வேண்டும். பழைய படத்தைத் திறந்து வைத்துத்தான் எழுத வேண்டும். அறையின் குளிர், நோயாளி நடுங்கினாரா, எந்தக் கையில் ஊசி என்று அவள் எழுதும் குறிப்பை வாசித்ததாக டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டுக்கு உடனே ஒப்புக்கொண்டார்கள். மூன்றாவதற்கு இழுத்தடித்தார்கள். அதுவரை வேலைக்கு வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ஒன்பதாவது நாள் அதுவும் கிடைத்தது. இப்போதும் சில டாக்டர்கள் படிக்காமலே கையெழுத்துப் போடுவது அவளுக்குத் தெரியும். அந்தக் காகிதங்களைத் திருப்பி அனுப்புவாள்.

கார் பயிற்சியாளனுக்குச் சிகிச்சை முடிந்தது. கடைசிப் படத்தில் ஒன்று என்று எண் வந்தது. ஒரு வருடம் கழித்து அவனும் மனைவியும் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார்கள். அவள் குழந்தையை வாங்கிக்கொள்ளவில்லை. கதிரியக்க மருந்து புழங்குகிற கை, எட்ட நின்றே பார்க்கிறேன் என்றாள்.

தையல்காரம்மாவுக்குக் கடுமையான மருந்துகள் ஏற்றி, ரத்தத்தை உண்டாக்கும் அவருடைய மூலச்செல்லையே எடுத்து வைத்துத் திரும்ப உடம்பில் செலுத்தினார்கள். அதற்குப் பின் எடுத்த படத்தில் மூன்று வந்தது. டாக்டர்கள் சந்தோஷப்பட்டார்கள். அந்த அம்மா, "யாரு எழுதினது, எத்தன பேரு பாத்தாங்க?" என்று மட்டும் கேட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருகிறார். ஊசி போடும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்றுவரை அவளிடம் சிரித்ததில்லை, எப்படி இருக்கீங்க என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் ஸ்கேனுக்கு நாள் வாங்கும்போது, அன்றைக்கு யார் வேலையில் இருப்பார்கள் என்று ஜன்னலில் விசாரிப்பார். அவள் இல்லாத நாள் என்றால், வேறு தேதி போடச் சொல்லிவிட்டுப் போவார்.